மைதானும் வெடிமருந்தும்: கொல்கத்தாவின் பீரங்கி வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் முதலில் அழைத்துப் போவது மைதானுக்குத்தான். விக்டோரியா நினைவு மண்டபம், குதிரைப் பந்தயத் திடல், ஈடன் தோட்டம் எல்லாம் அந்தப் பசும்பரப்பை ஒட்டியே இருக்கின்றன. "இந்த நெரிசல் ஊர்ல இவ்வளவு பெரிய இடத்தை எப்படிங்க சும்மா விட்டு வச்சாங்க?" என்று கேட்காத விருந்தாளி இல்லை. மக்கள் காற்று வாங்கட்டும் என்று யாரோ ஒரு வைசிராய் விட்டுவைத்ததாக நம்மில் பலர் பதில் சொல்கிறோம். உண்மையில் அது பீரங்கி சுடுவதற்காக விடப்பட்ட இடம்.

கோட்டையைச் சுற்றி வெட்டவெளி இருந்தால்தான் மதில்மேல் இருக்கிற பீரங்கிக்கு வேலை உண்டு. வீடும் தோப்பும் இருந்தால் எதிரி மறைந்து மறைந்து காலடிக்கே வந்துவிடுவான். ஆகவே இப்போதைய வில்லியம் கோட்டையை 1758-இல் கட்டத் தொடங்கியபோது, கோவிந்தபூர் என்ற ஊரையே காலி செய்தார்கள், காட்டை வெட்டினார்கள், குண்டு போய் விழக்கூடிய தூரம்வரை நிலத்தை வெறுமையாக்கினார்கள். அந்த வெறுமைதான் மைதான். இன்றும் அது ராணுவத்தின் பொறுப்பிலுள்ள நிலம். நாம் தினமும் மெட்ரோவில் ஏறி இறங்கும் 'எஸ்பிளனேடு' என்ற பெயருக்கும் கோட்டைக்கு முன்னுள்ள திறந்தவெளி என்றுதான் பொருள்.

சென்னையிலும் ஒரு எஸ்பிளனேடு உண்டு என்பது நம்மவர்களுக்குத் தெரியும். அதுவும் இதே கதைதான். 1746-இல் பிரெஞ்சுக்காரர் கையில் புனித ஜார்ஜ் கோட்டை விழுந்தது. அதற்குப் பின் கோட்டையின் வடபுறம் ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம் இடித்துத் தள்ளப்பட்டது. இன்று உயர்நீதிமன்றம் நிற்பது அந்த இடத்தில்தான். இதற்கு மேல் கோட்டைப் பக்கம் யாரும் வீடு கட்டக்கூடாது என்று 1773-இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அவற்றில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரத்தில் இன்னமும் நிற்கிறது. பீரங்கியின் எட்டு தூரம் இரண்டு நகரங்களுக்கும் இப்படி எல்லை வகுத்துக் கொடுத்திருக்கிறது.

இதை எழுதுகிறவன் பட்டம் பெற்ற வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். படா பஜாரில் தார்ப்பாயும் கயிறும் விற்கிறவன். கிடைத்த நேரத்தில் அலிப்பூர் தேசிய நூலகத்தில் உட்கார்ந்து படித்ததைச் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். பீரங்கியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குழாயின் நீளம், குண்டின் எடை, எட்டும் தூரம் ஆகியவற்றையே எழுதுகிறார்கள். கிடங்கில் நாற்பது வருஷம் கழித்தவன் கண்ணுக்கு வேறு ஒன்று தெரிகிறது. சரக்கு நனையாமல் இருந்ததா, வேளைக்கு வந்து சேர்ந்ததா, யார் கையில் கொடுத்தார்கள், எங்கே அனுப்புகிறோம் என்று தெரிந்து அனுப்பினார்களா? இந்தக் கேள்விகளோடுதான் நான் படித்தேன்.

கிடங்கு மறைத்த பீரங்கி

பழைய வில்லியம் கோட்டை இப்போதைய பெரிய தபால் ஆபீஸ் பக்கம், லால் திக்கி ஓரத்தில் இருந்தது. 1756 ஜூன் மாதம் நவாப் சிராஜ் உத் தௌலா படையோடு வந்தபோது அதன் நிலை என்ன தெரியுமா? கோட்டையின் தென்மதிலை ஒட்டிக் கம்பெனியார் சரக்குக் கிடங்குகளைக் கட்டியிருந்தார்கள். அவை கொத்தளத்துப் பீரங்கிகளின் பார்வையை மறைத்தன. கோட்டையைவிட உயரமான வீடுகளும் தேவாலயமும் பக்கத்திலேயே நின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, வெடிமருந்தில் பெரும்பகுதி ஈரம் கோத்துக் கெட்டுப்போயிருந்தது. ஜூன் மாத வங்காளத்து ஈரம் எப்படி என்று என்னைக் கேளுங்கள்; மூட்டைக்குள் இருக்கிற கயிறே பூஞ்சை பிடித்துவிடும். ஜூன் 20-ஆம் தேதி கோட்டை விழுந்தது.

மீட்பதற்குப் படை சென்னையிலிருந்துதான் வந்தது. 1756 அக்டோபரில் கிளைவும் கடற்படைத் தளபதி வாட்சனும் புறப்பட்டபோது கப்பல்களில் சுமார் 1,500 சிப்பாய்களும் இருந்தார்கள். தமிழ்நாட்டிலும் தெலுங்குச் சீமையிலும் சேர்த்த ஆட்கள். வங்காளிகள் அவர்களை மொத்தமாகத் 'தெலிங்கா' என்று அழைத்தார்கள். ரயில்வேயும் கணக்கர் வேலையும் வருவதற்கு வெகு முன்பே, நம் மண்ணின் மனிதர்கள் துப்பாக்கியோடு இந்த ஆற்றங்கரையில் இறங்கியிருக்கிறார்கள். பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கொல்கத்தாத் தமிழர் வரலாறு எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடக்கூடாது. 1757 ஜனவரி 2 அன்று ஊர் மறுபடி கம்பெனி கைக்கு வந்தது.

புதிய கோட்டைக்கு வரைபடம் போட்ட பொறியாளர் ஜான் புரோகியரும் சென்னையிலிருந்து வந்தவர்தான். கட்டுமானக் கணக்கில் கைவைத்துப் பிடிபட்டுத் தப்பியோடினார் என்பது தனிக்கதை. ஒப்பந்த வேலையில் அன்றும் இன்றும் பெரிய வித்தியாசம் இல்லை. சுமார் இருபது லட்சம் பவுன் விழுங்கி 1781 வாக்கில் முடிந்த அந்தக் கோட்டை, எந்த முற்றுகையிலும் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அதன் பெயர் விஜய் துர்க் என்று மாற்றப்பட்ட செய்தி வந்தது.

நனைந்ததும் வெடித்ததும்

1757 ஜூன் 23, பிளாசி. நவாப்பிடம் சுமார் 50 பீரங்கிகள். பெரும்பாலும் கனமானவை, பெரிய மேடைகளில் ஏற்றி மாடுகள் இழுத்து வந்தவை. கூடவே ஒரு பிரெஞ்சுப் பீரங்கிக் குழு. கிளைவிடம் மொத்தம் 3,000 பேர் அளவில் படை, பத்துக்குச் சற்று முன்பின்னான சிறு பீரங்கிகள். எடை போட்டுப் பார்த்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று குழந்தைக்கும் தெரியும். நண்பகலில் மழை கொட்டியது. கம்பெனிப் படை வெடிமருந்தைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டது. நவாப் படையில் யாரும் மூடவில்லை. மழை விட்டதும், "நம்முடையதுபோல் அவர்களுடையதும் நனைந்திருக்கும்" என்று நம்பிக் குதிரைப்படையோடு பாய்ந்த தளபதி மீர் மதன் பீரங்கிச் சூட்டில் மாண்டார். மீர் ஜாபர் கூட நின்று பார்த்துக்கொண்டிருந்த துரோகம் பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் மீர் மதன் துரோகி அல்லர்; அவரைக் கொன்றதில் நனைந்த மருந்துக்குப் பங்குண்டு. தார்ப்பாய் விற்கிறவன் சொல்கிறேன் என்று சிரிக்காதீர்கள். அந்த மதியம் மூடிவைத்த சில கெஜம் துணியின் விலை ஒரு ராஜ்ஜியம்.

என் பிறந்த ஊர் வந்தவாசிப் பக்கம், பொன்னூர் மலையிலிருந்து நடந்து போகிற தூரம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் 'கோட்டைச் சண்டை' என்று பொதுவாகச் சொல்வார்களே தவிர விவரம் தெரியாது. பிளாசியில் இருந்த அதே அயர் கூட், 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தார். பிரெஞ்சுப் படையின் இடதுபக்கம் ஒரு குளத்தங்கரை அரண் இருந்தது. ஆங்கிலேயர் குண்டு ஒன்று அங்கே நின்ற வெடிமருந்து வண்டியில் விழுந்தது. வண்டி வெடித்து ஏறக்குறைய 80 பேர் செத்தும் காயம்பட்டும் விழ, அரணில் இருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். அந்தப் பக்கம் உடைந்ததும் சண்டையே திரும்பிவிட்டது. தென்னிந்தியாவில் பிரெஞ்சுக்காரர் கனவு அதோடு போயிற்று.

இருபது வருஷம் கழித்து, 1780 செப்டம்பர் 10, காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூர். இந்த முறை அடிபட்டது கம்பெனி. கர்னல் பெய்லியின் படையை ஐதர் அலியும் திப்புவும் சூழ்ந்துகொண்டார்கள். கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன, படை அழிந்தது. மைசூர்க்காரர்களின் இரும்புக் குழாய் ராக்கெட்டுகளும் அங்கே பறந்தன. மூங்கில் கழியில் கட்டிய இரும்புக் குழாய்க்குள் மருந்தை இறுக அடைத்ததால் அவை அக்காலத்து மற்ற வாணங்களைவிட வெகுதூரம் போயின. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் அவற்றை இங்கிலாந்துக்கு எடுத்துப்போனார்கள். வில்லியம் காங்கிரீவ் அவற்றைப் பார்த்துத் தம் ராக்கெட்டைச் செய்தார். பிற்காலத்தில் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு நிலையத்தில் மைசூர் ராக்கெட் படையின் ஓவியம் தொங்குவதைக் கண்டதாக அப்துல் கலாம் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

பெரிய குழாய்களுக்கு நம் நாட்டில் என்றும் குறைவில்லை. முர்ஷிதாபாதில் கிடக்கும் ஜஹான் கோஷா 1637-இல் ஜனார்தன் கர்மகார் என்ற கொல்லர் செய்தது. பதினேழரை அடி நீளம், ஏழு டன்னுக்கு மேல் எடை. பிஷ்ணுபூரில் தல் மாதல். தஞ்சாவூரில் நாயக்கர் காலத்து ராஜகோபால பீரங்கி, இவற்றையெல்லாம்விடப் பெரியது. இருபது டன்னுக்கு மேல் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். வார்த்துச் செய்ததல்ல, நீண்ட இரும்புப் பட்டைகளை உருளையாக அடுக்கி, மேலே காய்ச்சிய வளையங்களை மாட்டி, அடித்து ஒட்டியது. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்த பாலசுப்பிரமணியம் இந்தப் பீரங்கிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து புத்தகமே எழுதினார். 2009-இல் காலமான அந்தத் தமிழறிஞரை நம் சங்கங்கள் இன்னும் கொண்டாடியிருக்க வேண்டும். கொல்லர்களின் கைத்திறத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தஞ்சைப் பீரங்கி மேட்டில் ஏறிய இடத்திலேயே இருந்துவிட்டது. நகராத சரக்கு, கணக்கில் மட்டும் ஏறும் சரக்கு.

வெடியுப்பு வியாபாரம்

கரும்பொடி மருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு. மீதி கரியும் கந்தகமும். அந்த வெடியுப்பு உலகத்திலேயே அதிகமாகவும் மலிவாகவும் கிடைத்தது பீகாரில். மண்சுவர் ஓரத்திலும் மாட்டுத்தொழுவத்திலும் பூக்கும் உப்பைச் சுரண்டி, கரைத்து, காய்ச்சி எடுப்பார்கள். பாட்னாவிலிருந்து படகில் ஹூக்ளி வழியாக வந்து கப்பலேறும். ஐரோப்பாவில் நடந்த சண்டைகளுக்குப் பீகார்த் தொழுவத்து மண் போயிருக்கிறது! பிளாசி முடிந்த கையோடு, 1758-இல், கிளைவ் மீர் ஜாபரிடம் கேட்டு வாங்கிய சலுகைகளில் வெடியுப்பு ஏகபோகமும் ஒன்று. பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் இனிக் கம்பெனியிடம் கையேந்த வேண்டும். அவர் வாங்கிய பணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த உப்பைப் பற்றி ஒரு வரியோடு விட்டுவிடுகிறார்கள். போர்க்கலையில் இது அவருடைய பெரிய வெற்றி என்பது என் கருத்து.

மருந்தை இங்கேயே அரைக்க ஹூக்ளிக் கரையில் இச்சாபூரில் ஆலை வைத்தார்கள். 1791-இல் உற்பத்தி தொடங்கியது. பல்தா வெடிமருந்து ஆலையை நடத்திப் பெரும் பணக்காரராகி இங்கிலாந்து திரும்பிய ஜான் பார்க்கர், 1822-இல் பாண்ட்ஹில் அபே என்ற அரண்மனையையே விலைக்கு வாங்கினார். மகா கருமி என்று பெயர்.

இங்கே நான் சமணன் என்ற முறையில் ஒரு வார்த்தை. சமந்தபத்திரரின் இரத்தின கரண்டகம் இல்லறத்தார் விலக்க வேண்டியவற்றில் ஹிம்சாதானத்தைச் சொல்கிறது. கொலைக்கு உதவும் கருவியைப் பிறர்க்குக் கொடுப்பது அது. வாளும் கோடரியும் நெருப்பும் அதில் அடங்கும். பிளாசிக்குப் பின்னால் பணம் போட்ட முர்ஷிதாபாத் ஜகத் சேட்டுகள் சமணர்களே. அவர்கள் யாரையும் வெட்டவில்லை. உண்டியல் எழுதினார்கள், அவ்வளவுதான். 1763-இல் மீர் காசிம் அவர்களைக் கொன்றான். பணம் கொடுத்தவன், உப்புக் காய்ச்சியவன், தார்ப்பாய் விற்றவன், இவர்களெல்லாம் எந்தக் கணக்கில் வருவார்கள்? ராணுவ ஒப்பந்தக்காரர் ஒருவர் ஒருமுறை என்னிடம் பெரிய அளவில் தார்ப்பாய் கேட்டார். லாரிக்கு மூடவா, லாரியில் இருப்பதை மூடவா என்று நான் கேட்கவில்லை. கொடுத்தேன். வெயிலுக்கும் மழைக்கும் துணி வேண்டியதுதானே என்று என் மகன் சொல்கிறான். எனக்கு அந்தப் பதில் முழுசாக இறங்கவில்லை, நிற்கட்டும்.

காசிப்பூர், டம்டம்

ராமகிருஷ்ணர் கடைசி நாட்களைக் கழித்த தோட்டவீட்டைத் தரிசிக்கக் காசிப்பூர் போகிறவர்கள், சற்றுத் தள்ளி ஆற்றோரத்தில் நீண்ட மதில் ஒன்றைப் பார்த்திருப்பார்கள். அதுதான் கன் அண்டு ஷெல் பாக்டரி. 1801-இல் பீரங்கி வண்டி செய்யும் சாலையாக அமைந்து, 1802 மார்ச் 18 அன்று வேலை தொடங்கியது. இந்தியப் படைக்கலத் தொழிற்சாலைகளில் மிகப் பழையது இது. அந்த மார்ச் 18-ஐத்தான் படைக்கலத் தொழிற்சாலை நாளாகக் கொண்டாடினார்கள். கவனியுங்கள், முதலில் செய்தது பீரங்கியை அல்ல, அதை நகர்த்தும் வண்டியை. தஞ்சாவூர் மேட்டில் நின்றுபோனதற்கு இங்கே மருந்து கண்டுபிடித்தார்கள். குழாய் வார்க்கும் வேலை 1830-களில் வந்தது.

இந்தச் சாலையிலிருந்து ஒரு நல்ல காரியமும் பிறந்தது. அதன் கண்காணிப்பாளராக இருந்த மேஜர் மேகன், பீரங்கிக்கும் குண்டுக்கும் உருக்கைக் கப்பலில் வரவழைத்து அலுத்துப்போய், வங்காளத்து நிலக்கரியும் இரும்புக்கல்லும் கொண்டு இங்கேயே உருக்கு செய்யலாம் என்று 1899-இல் ஓர் அறிக்கை எழுதினார். அதைப் படித்து ஜம்ஷெட்ஜி டாட்டாவுக்குப் பழைய ஆசை மறுபடி துளிர்த்தது. 1907-இல் கம்பெனி, 1912-இல் சாக்சியில் முதல் உருக்கு. ஜாம்ஷெட்பூரில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் தழைத்திருக்கின்றன! அந்த ஊரின் வேர்களில் ஒன்று காசிப்பூரில் இருக்கிறது.

டம்டம் கதை வேறு மாதிரி. 1783 முதல் 1853 வரை வங்காளப் பீரங்கிப் படையின் தலைமையிடம் அது. 1857 ஜனவரியில் அங்கே புதிய என்பீல்டு துப்பாக்கிக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பழைய துப்பாக்கியில் நூறு கெஜத்துக்கு அப்பால் குறி நம்ப முடியாது. என்பீல்டு பல நூறு கெஜம் குறி தவறாமல் சுடும். அருமையான நவீனமயமாக்கல்தான். ஆனால் தோட்டாவின் காகிதத்தைப் பல்லால் கடிக்க வேண்டும். அதில் தடவிய கொழுப்பு எந்த மிருகத்தினுடையது என்று கடிக்கிறவனிடம் யாரும் பேசவில்லை. டம்டமில் தண்ணீர் கேட்ட ஒரு கலாசிக்கும் கொடுக்க மறுத்த பிராமணச் சிப்பாய்க்கும் நடந்த வாய்த்தகராறில் செய்தி வெளியே வந்ததாகச் சொல்வார்கள். மார்ச் 29 அன்று பக்கத்துப் பாரக்பூரில் மங்கள் பாண்டே. நம் வேலூரில் 1806-லேயே தலைப்பாகை விஷயத்தில் இதே பாடம் நடந்தது. ஐம்பது வருஷத்தில் கம்பெனிக்கு மறந்துபோச்சு.

அதே டம்டம் தொழிற்சாலையில் 1890-களில் கேப்டன் பெர்ட்டி கிளே என்பவர் உடம்புக்குள் போனதும் விரிந்து சிதைக்கும் தோட்டாவைச் செய்தார். உலகம் அதற்கு ஊரின் பெயரையே வைத்தது. 1899 ஜூலை 29 அன்று ஹேக் மாநாடு அப்படிப்பட்ட தோட்டாக்களைத் தடைசெய்தது. விமானம் டம்டமில் இறங்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வரும். பாவம், அந்த ஊர் என்ன செய்யும்?

கண் இல்லாத பீரங்கி

1914 செப்டம்பரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வங்காள விரிகுடாவில் புகுந்தது. கொல்கத்தாவுக்கு வரவும் போகவும் இருந்த கப்பல்களை ஒவ்வொன்றாக மூழ்கடித்துவிட்டு, 22-ஆம் தேதி இரவு சென்னைக்கு முன்னால் வந்து நின்றது. தேடுவிளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்து, அரை மணி நேரத்துக்குள் 130 குண்டுகள் அளவில் சுட்டது. தொட்டிகள் எரிந்தன. கரையிலும் பீரங்கி இருந்தது, சுட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. விளக்கை அணைத்துவிட்டு எம்டன் போய்விட்டது. 'சரியான எம்டன்' என்று நம் பாட்டிமார் பேச்சில் வந்தது இதனால்தான்.

அடுத்த யுத்தத்தில் கொல்கத்தாவின் முறை. 1942 டிசம்பர் 20 இரவு ஜப்பானிய விமானங்கள் முதல் குண்டு போட்டன. சில நாட்களில் லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். விமான எதிர்ப்புப் பீரங்கிகள் வானத்தைப் பார்த்துச் சுட்டன, இருட்டில் எதைச் சுடுவது? மைதானின் ரெட் ரோடே போர் விமானங்களின் ஓடுபாதையாக இருந்த காலம் அது. பிறகு ராடார் பொருத்திய போபைட்டர் விமானங்கள் டம்டமுக்கு வந்தன. 1943 ஜனவரி 15 இரவு சார்ஜென்ட் பிரிங் என்ற ஒரே விமானி மூன்று குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்தினார். அதோடு இரவுத் தாக்குதல் நெடுநாளைக்கு நின்றுபோயிற்று. பீரங்கியால் ஆகாத காரியம் கண்ணால் ஆயிற்று. ஆனால் அந்த டிசம்பர் 5 அன்று பட்டப்பகலிலேயே கித்தர்பூர் துறைமுகத்தில் குண்டு விழுந்து ஏராளமான கூலித்தொழிலாளர்கள் செத்தார்கள். அது பஞ்ச வருஷம். அரிசிக்காக ஊருக்குள் வந்தவனுக்கும், கூலிக்காகத் துறைமுகத்தில் நின்றவனுக்கும் ஒரே கதி.

நம் காலத்தில்

சுதந்திர இந்தியாவில் பீரங்கி என்றால் போபர்ஸ். 1986-இல் 410 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம். 1987-இல் ஸ்வீடன் வானொலியில் லஞ்சச் செய்தி. அதன்பின் முப்பது ஆண்டு எந்த அதிகாரியும் புதிய பெரிய பீரங்கி வாங்கும் கோப்பில் கையெழுத்துப் போட அஞ்சினார். 1999 கார்கிலில் அந்தப் போபர்ஸ்தான் மானத்தைக் காப்பாற்றியது. ஆனால் எதிரிப் பீரங்கி எங்கிருந்து சுடுகிறது என்று காட்டும் ராடார் பாகிஸ்தானிடம் இருந்தது, நம்மிடம் இல்லை. அந்தக் குறை பின்னால்தான் தீர்ந்தது. போபர்ஸின் பழைய வரைபடங்களை வைத்து ஜபல்பூரில் செய்த 38 கிலோமீட்டர் எட்டும் தனுஷ் 2019 ஏப்ரலில் படையில் சேர்ந்தது. 48 கிலோமீட்டர் எட்டும் ஏடேக்ஸ் பீரங்கிகள் 307-க்கு பாரத் போர்ஜ், டாட்டா நிறுவனங்களோடு 2025 மார்ச்சில் ஒப்பந்தமானது.

ஏவுகணைக்கு வந்தால், நமக்குப் பக்கத்து பாலசோரின் சண்டிப்பூர். 1895-இலேயே பீரங்கி சுட்டுச் சோதிக்கும் களமாகத் தொடங்கிய கடற்கரை அது. கலாம் தலைமையில் 1983-இல் தொடங்கிய ஏவுகணைத் திட்டத்தில் அக்னி 1989-இல் அங்கிருந்துதான் கிளம்பியது. 2001 ஜூன் 12 அன்று பிரம்மோஸ். ஒலியைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேற்பட்ட வேகம், முதலில் 290 கிலோமீட்டர் எட்டு தூரம். அதன் நிறுவனத்தைத் தொடக்கத்தில் நடத்திய சிவதாணுப் பிள்ளை நம் நாஞ்சில் நாட்டுக்காரர். பீகார் உப்பில் ஓடிய பீரங்கி மைதானின் அகலத்தைத் தீர்மானித்தது. பிரம்மோஸுக்கு ஒரு மைதான் ஒதுக்க வேண்டுமானால் வங்காளத்தில் பாதியைக் காலி செய்ய வேண்டும்! அதனால்தான் இன்று வெட்டவெளிக்குப் பதில் ராடாரும் செயற்கைக்கோளும்.

'துல்லியம்' என்கிறார்கள். துல்லியம் என்பது விலாசம் எழுதுகிறவன் கையில் இருக்கிறது. 1999 மே 7 இரவு பெல்கிரேடில் அமெரிக்கக் குண்டுகள் குறித்த கட்டடத்தில் பிசகாமல் விழுந்தன. அது சீனத் தூதரகம். மூன்று பத்திரிகையாளர்கள் இறந்தார்கள். விலாசம் தவறு என்று விளக்கம் தந்தார்கள். பார்சல் தவறான கடைக்குப் போனால் திருப்பி அனுப்பலாம். இதை?

கிடங்குக் கணக்கும் மாறவில்லை. உக்ரைன் போரில் ஓராண்டுக்குள், 2024 மார்ச்சுக்கு முன், பத்து லட்சம் குண்டு தருவதாக ஐரோப்பிய ஒன்றியம் வாக்களித்தது. தவணை வந்தபோது பாதியளவே தர முடிந்தது. பணம் இருந்தது, ஆலையும் ஆளும் இல்லை. 2025 மே மாதம் நம் மேற்கு எல்லையில் டிரோன்கள் கூட்டமாக வந்தபோது, எஸ்-400, ஆகாஷ் ஏவுகணைகளோடு எல்-70 பீரங்கிகளும் சுட்டு வீழ்த்தியதாக ராணுவம் காட்டியது. எல்-70 என்பது 1960-களில் வாங்கத் தொடங்கிய 40 மில்லிமீட்டர் போபர்ஸ் பீரங்கி! குழாய் அதேதான். ராடாரும் மின்னணுக் கண்ணும் புதிதாக மாட்டியிருந்தார்கள். வியாபாரியாகப் பார்த்தாலும் இதில் நியாயம் இருக்கிறது. சில ஆயிரம் ரூபாய் டிரோனுக்குக் கோடி ரூபாய் ஏவுகணையை விட்டால் எந்தக் கடையும் நாலு நாள் தாங்காது.

ஆகவே காசிப்பூர் போன்ற பழைய சாலைகளை நான் லேசாக எண்ணமாட்டேன். கப்பலை நெருங்கும் ஏவுகணையைக் கடைசி நிமிஷத்தில் சுட்டு வீழ்த்தும் ஏகே-630 என்ற ஆறுகுழாய்த் துப்பாக்கியைச் செய்வது இந்தச் சாலைதான். நிமிஷத்துக்கு ஐயாயிரம் குண்டு அளவில் கக்கும். கார்டன் ரீச்சில் கட்டி 2025 ஆகஸ்டில் கடற்படையில் சேர்ந்த ஹிம்கிரி கப்பலிலும் பிரம்மோஸோடு அந்த வகைத் துப்பாக்கி உண்டு. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து 41 ஆலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். கொல்கத்தாவில் இருந்த வாரியத் தலைமை மறைந்தது. காசிப்பூரும் இச்சாபூர் ரைபிள் பாக்டரியும் நம் திருச்சி ஆலையும் கான்பூர்க் கம்பெனியின் கீழ்; இன்னொரு கம்பெனியின் தலைமை ஆவடிக்கு. அரசு ஊழியராகச் சேர்ந்தவர்களுக்கு எதிர்காலம் பற்றிய கவலை தீர்ந்தபாடில்லை. லாபநஷ்டக் கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வியாபாரி அப்படிச் சொல்லக்கூடாது. ஆனால் போர் இல்லாத வருஷத்தில் ஆர்டர் குறைவு என்று ஒரு கடைசல்காரனை அனுப்பிவிட்டால், வேண்டிய வருஷத்தில் அவனைச் சந்தையில் வாங்க முடியாது. ஐரோப்பாவுக்கு இது இப்போதுதான் புரிந்திருக்கிறது.

விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போக நினைப்பவர்களுக்கு: பிஷ்ணுபூரில் சுடுமண் கோயில்களைப் பார்க்கும்போதே தல் மாதல் பீரங்கியையும் பார்க்கலாம். மராத்தியர் படையெடுப்பின்போது மதன்மோகன் சுவாமியே வந்து அதைச் சுட்டார் என்று அந்த ஊரார் சொல்வார்கள். அதே மராத்தியருக்குப் பயந்து 1742-இல் கல்கத்தாக்காரர்கள் வெட்டிய அகழியின் தடம்தான் நம் சர்க்குலர் ரோடு. முர்ஷிதாபாத் போனால் ஜஹான் கோஷாவைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் போனால் குடை எடுத்துப் போங்கள். அந்தப் பக்கம் ஜூன் மாதத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்குத் திடீரென்று கொட்டும்.